காளி இறந்தானா? – மூன்று நாவல்களும் படிக்கும் முறையும்

தொடர்புடைய பல நாவல்களைக் கையில் எடுக்கும் வாசகருக்கு முதலில் எழும் ஐயம், எதை முன்னே படிப்பது, எதைப் பின்னே வைப்பது என்பதே. பெரும்பாலும் இது சிறிய ஐயந்தான். நூலகத்தில் எந்தப் பாகம் கிடைக்கிறதோ அதைக் கொண்டுவந்து படித்துவிட்டு, மற்றது கிடைக்கும்வரை காத்திருப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். வார இதழ்களிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்துக் கட்டிய தொகுதிகள் வீட்டுக்கு வீடு போய்வந்த காலத்தில், மூன்றாம் பாகம் முதலில் வந்து சேர்ந்ததும் உண்டு. அதனால் யாருக்கும் பெரிய இழப்பு நேர்ந்துவிடவில்லை.

ஆயினும், படிக்கும் வரிசை கதையின் பொருளையே மாற்றிவிடும் இடமும் உண்டு. அத்தகைய ஓரிடம் நம் சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து வந்த நாவல்களிலேயே அமைந்திருக்கிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்', 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' ஆகிய மூன்றையும் பற்றியே இங்குப் பேச முற்படுகிறோம். இம்மூன்றில் எதை இறுதியில் படிப்பது என்ற கேள்வி, பொன்னா என்னும் ஒரு பெண்ணைப் பற்றி வாசகராகிய நாம் என்ன முடிவுக்கு வருகிறோம் என்பதில் போய் நிற்கிறது. ஆதலால் அதைச் சற்று நிதானமாக ஆராய்வது தகும்.

வழக்கமான வரிசைகள்

தொடர் நாவல்களைப் படிக்க இரண்டு வரிசைகள் பொதுவாகச் சொல்லப்படுவன. ஒன்று, எழுதப்பட்ட வரிசை. மற்றொன்று, கதை நிகழும் கால வரிசை. இரண்டும் பல நூல்களில் ஒன்றாகவே அமைந்துவிடும். நம் இலக்கியத்திலிருந்தே எடுத்துக்காட்டலாம். உமறுப் புலவரின் சீறாப்புராணம் விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என வாழ்க்கையின் போக்கிலேயே செல்கிறது. அது நின்ற இடத்திலிருந்து பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவைத் தொடர்ந்தார். இங்கே வரிசை பற்றிய வழக்கே எழாது. எகிப்திய எழுத்தாளர் நகீப் மஹ்பூஸ் 1956, 1957 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கெய்ரோ நாவல்கள் மூன்றும் அவ்வாறே. ஒரே குடும்பத்தின் தந்தை, மகன், பேரன் என்று தலைமுறைகள் நகர்கின்றன. பேரனை முதலில் படித்துவிட்டுத் தாத்தாவிடம் திரும்புவது பொருந்தாது.

இரண்டு வரிசைகளும் முரண்படும்போதுதான் சிக்கல். கல்கி 'பார்த்திபன் கனவை' முதலில் எழுதினார். 'சிவகாமியின் சபதம்' பின்னர் 1944இல் தொடங்கியது. கதைக் காலமோ நேர்மாறு. சிவகாமியின் காலத்துக்குப் பிற்பட்டதே பார்த்திபன் கனவு. கால வரிசையே சரியென்று சபதத்தை முதலில் படிப்பவர்க்கு மாமல்ல நரசிம்மரின் உள்ளமும் போக்கும் நன்கு பழகிவிடுகின்றன. அதன்பின் பார்த்திபன் கனவில் வரும் சிவனடியார் யாரென்ற புதிர் தன் வலுவில் பாதியை இழந்துவிடும். எழுதிய வரிசையில் படித்தவர்க்கே அந்த வியப்பு முழுமையாகக் கிட்டும். எனினும் இங்கே இழப்பது ஒரு வியப்பை மட்டுமே. எந்த வரிசையில் படித்தாலும் நரசிம்மர் நரசிம்மரே, நடந்தது நடந்ததே.

பெருமாள்முருகனின் மூன்று நாவல்களில் நிலைமை வேறு. முதல் நாவலின் முடிவிலிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு நாவலில் இறந்துவிட்ட மனிதன் மற்றொன்றில் உயிரோடிருக்கிறான். பின்னிரண்டும் ஒன்றையொன்று தொடர்பவை அல்ல; ஒரே தாயின் இரு மக்களைப் போல் அருகருகே நிற்பவை.

பூவரச மரத்தடி

திருச்செங்கோட்டுப் பக்கம் போனவர்கள் அந்நிலத்தை அறிவார்கள். 1997இல் நாமக்கல் மாவட்டம் தனியே பிரிக்கப்படும்வரை அது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. மழையை நம்பிய மேட்டுக்காடுகள், பனைகள், கல்லாங்குத்தான நிலத்தில் திடீரென எழும் மலைகள். சங்ககிரி மலையில் கோயிலும் தர்காவும் உண்டு. திருச்செங்கோட்டு மலையில் உறையும் தெய்வம் ஆணும் பெண்ணும் ஓருடலில் பாதி பாதியாக அமைந்த வடிவம். மாதொருபாகன், அர்த்தநாரி என்னும் தலைப்புகள் இரண்டும் அவ்வடிவத்தின் பெயர்களே. ஆலவாயன் என்பதும் சிவபெருமானுக்குரிய பெயரே. ஆலவாய் என்பது மதுரை.

'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்துக் கதை. காளியும் பொன்னாவும் ஒருவரை ஒருவர் மிக விரும்பி வாழும் உழவர் குடும்பத்துக் கணவன் மனைவி. திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் பிள்ளையில்லை. அவனை வறடன் என்றும் அவளை வறடி என்றும் ஊர் பேசுகிறது. உறவினர் வீட்டு நல்ல காரியங்களில் பொன்னா விலக்கி நிறுத்தப்படுகிறாள். செய்யாத வேண்டுதல் இல்லை. இரண்டாந்தாரம் பற்றிய பேச்சு எழுந்தபோது காளி அதற்கு இசையவில்லை. இறுதியில் இரு வீட்டுத் தாய்மாரும் ஒரு வழியைச் சொல்கிறார்கள். மலைக்கோயில் தேர்த் திருவிழாவின் ஓரிரவில், பிள்ளையில்லாப் பெண்கள் அறிமுகமற்ற ஆடவரைத் தெய்வமாகக் கருதிக் கூடும் வழக்கம் இருந்ததாக நாவல் சொல்கிறது. அதற்குப் பொன்னாவை அனுப்புவதே அவ்வழி.

காளியின் மனம் இதை ஏற்கவில்லை. அவனுடைய நெருங்கிய நண்பனும் பொன்னாவின் அண்ணனுமாகிய முத்து, காளியும் உடன்பட்டுவிட்டான் என்று தங்கையை நம்பவைக்கிறான். அவளைத் திருவிழாவுக்கு அனுப்பிவிட்டு, அந்த இரவில் காளியை வேறிடத்துக்கு அழைத்துச் சென்று குடியில் ஆழ்த்துகிறான். நள்ளிரவில் திரும்பும் காளி, மனைவி இல்லாத வீட்டைக் கண்டு நடந்ததை உணர்கிறான். தன் தொண்டுப்பட்டிக்கு வந்து பூவரச மரத்தின் கீழ் வீழ்கிறான். மேலே கிளைகள் விரிந்திருக்கின்றன. நாவல் அங்கே நின்றுவிடுகிறது.

காளி என்ன ஆனான்? நாவலை மூடிவைத்த எவரும் கேட்கும் கேள்வி இது. 2014இன் இறுதியில் ஆசிரியர் இதற்கு இரண்டு விடைகளை அளித்தார். 'ஆலவாயனில்' காளி தன் உயிரை மாய்த்துக்கொண்டுவிட்டான். பொன்னா அவனில்லாத வாழ்வை எதிர்கொள்கிறாள். 'அர்த்தநாரியில்' காளி பிழைத்திருக்கிறான். ஆனால் மனைவியைத் தன் மௌனத்தால் தண்டிக்கிறான். இரண்டின் ஆங்கில மொழிபெயர்ப்புகளும் 2018இல் வந்தன. 2019ஆம் ஆண்டின் ஜேசிபி இலக்கியப் பரிசுக் குறும்பட்டியலில் இவ்விரண்டும் சேர்ந்து ஒரே இடத்தைப் பெற்றதைக் கவனிக்க வேண்டும். ஒன்றைவிட்டு ஒன்றைத் தேர்வது நடுவர்களுக்கும் எளிதாக இருந்திராது.

எதை இறுதியில் வைப்பது?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். 'மாதொருபாகனை' முதலில் படித்தே ஆக வேண்டும். பின்னிரண்டில் எதையாயினும் தனியே படித்துப் பொருள் கொள்ள இயலும் என்று சிலர் கூறுவர். கதை விளங்கக்கூடும், துயரம் விளங்காது. பன்னிரண்டு ஆண்டு அன்பையும் பன்னிரண்டு ஆண்டு அவமானத்தையும் நாம் உடனிருந்து காணாவிட்டால், பொன்னாவின் கண்ணீரும் காளியின் சினமும் வெறும் குடும்பச் சண்டையாகச் சுருங்கிவிடும்.

அடுத்தது என்ன? இங்கேதான் கருத்து வேறுபடுகிறது. அர்த்தநாரியை இரண்டாவதாகவும் ஆலவாயனை இறுதியாகவும் படிக்கச் சொல்வோர் உண்டு. அவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. மௌனத்திலிருந்து மரணத்துக்குச் செல்வது துயரம் ஏறிச்செல்லும் இயல்பான படி. முதல் நாவலின் பூவரசங்கிளைகள் எதைச் சுட்டினவோ அதை இறுதியில் சந்திப்பது கலைக்குப் பொருத்தம் என்பது அவர்கள் வாதம். உயிரோடிருப்பவனைப் பற்றி முன்னும் இறந்தவனைப் பற்றிப் பின்னும் படிப்பதே உலக இயற்கை என்றும் சொல்லலாம்.

நாம் இதற்கு மாறான வரிசையையே வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். மாதொருபாகனுக்குப் பின் ஆலவாயன், இறுதியில் அர்த்தநாரி. காரணம் கூறுகிறோம்.

இறுதியில் படிப்பது எதுவோ அதுவே உண்மையில் நடந்தது என்று மனம் எண்ணிக்கொள்ளும். இரண்டு முடிவுகளும் சம மதிப்புடையவை என்று ஆசிரியர் கருதினாலும் வாசகர் மனம் தராசைப் போல் நடுவில் நிற்பதில்லை. கடைசியாக வைத்த தட்டின் பக்கமே சாய்கிறது. ஆகவே காளியின் மரணத்தை இறுதியில் வைத்தால், அதுவே முழுக் கதைக்கும் தீர்ப்பாகிவிடும். பொன்னா அந்த இரவில் வெளியே சென்றாள், அதனால் கணவன் மாண்டான் என்ற ஒற்றை வரிக்குள் மூன்று நாவல்களும் அடங்கிவிடும். ஊரார் சொல்வதும் அதுதானே? பிள்ளையில்லாதபோது பழித்த அதே வாய்கள், பிள்ளை வேண்டிச் சென்றபின்னும் பழிக்கின்றன. வாசகரும் அவ்வூராரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும் அபாயம் அந்த வரிசையில் இருக்கிறது.

ஆலவாயனை முதலில் படித்தால் நேர்வது வேறு. மரணம் காளியின் வாயை மூடிவிடுகிறது. இனிப் பேச வேண்டியவர்கள் பெண்களே. பொன்னா, அவளைப் பெற்ற வல்லாயி, மாமியார் சீராயி ஆகிய மூவரும் ஆண் துணையற்ற வீட்டைத் தாங்கி நிற்பதை நாவல் பொறுமையாகக் காட்டுகிறது. மகனை இழந்த தாய் மருமகளைத் தூற்றுவாள் என்பதே கதைகளின் வாடிக்கை. சீராயி அந்த வாடிக்கைக்கு உட்படவில்லை. இளம் வயதிலேயே கணவனை இழந்து தனியே மகனை வளர்த்த அவளுக்கு, தனித்து நிற்கும் பெண்ணின் நிலை தெரியும். பொன்னாவின் துயரத்துக்குள் ஒரு கேள்வியும் இருக்கிறது: தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தன் தரப்பை அறியாமல் இவ்வளவு கொடிய தண்டனையை அவன் எப்படி அளித்தான்? இக்கேள்வியைக் காளியிடம் கேட்க அவளுக்கு வழியில்லை. கேட்கப்பட வேண்டியவன் போய்விட்டான்.

இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் நாம் அர்த்தநாரிக்குள் நுழைய வேண்டும் என்பது நம் கருத்து. அங்கே காளி இருக்கிறான். கேட்கலாம். ஆனால் அவன் பேச மறுக்கிறான். மற்றவர் முகம் பார்க்கவும் விரும்பாத அவனுடைய மௌனம் ஒரு தண்டனையாகவே நீள்கிறது. ஆலவாயனைப் படிக்காமல் இங்கு வருபவர்க்கு முதலில் காளியின் காயமே பெரிதாகத் தெரியும். அது பொய்யான காயமும் அன்று, அவனும் ஏமாற்றப்பட்டவனே. ஆனால் ஆலவாயனைப் படித்துவிட்டு வருபவர்க்கு, எதிரே நிற்கும் பொன்னாவின் உள்ளம் முன்பே தெரியும். அவளும் ஏமாற்றப்பட்டவள், கணவனின் இசைவு உண்டென்று நம்பிச் சென்றவள் என்பது மறக்க முடியாததாகிவிடும். அப்போதுதான் இருவர் துயரமும் ஒரே நிறையில் தெரியும். ஓருடலில் இரு பாதிகள் என்னும் தலைப்பின் பொருளும் அங்கேதான் துலங்கும். இறந்தவனை மன்னிக்கவும் இயலாது, அவனிடம் மன்னிப்புக் கேட்கவும் இயலாது. உயிரோடிருப்பவரிடம் அதற்கு வாயில் திறந்தே இருக்கிறது. இவர்கள் அவ்வாயிலில் நுழைகிறார்களா என்பதை இங்கே சொல்லிவிடுவது முறையன்று.

இவ்வரிசையில் ஒரு சிறு இடர்ப்பாடு உண்டு. இறந்தவன் எழுந்து நடப்பதைப் போன்ற திகைப்பு அர்த்தநாரியின் தொடக்கத்தில் ஏற்படும். இரண்டு நூல்களையும் அடுத்தடுத்த நாளில் படித்தால் இந்தத் திகைப்பு மிகும். ஆகவே இடையே சில நாள்கள் விட்டுப் படிப்பது நல்லது. மாதொருபாகனை முடித்ததும் உடனே அடுத்ததை எடுக்காமல் காத்திருப்பது அதைவிட நல்லது. காளி என்ன ஆனான் என்ற கேள்வியோடு சில இரவுகள் இருந்து பார்க்க வேண்டும். நாமே ஒரு விடையை உள்ளத்தில் எழுதிக்கொள்வோம். பின்னர் ஆசிரியரின் விடைகளோடு அதை ஒப்பிட்டால் நம்மைப் பற்றியும் சிறிது தெரியவரும்.

குறையும் கூற வேண்டும்

விமரிசனம் என்றால் வரிசை சொல்வதோடு நின்றுவிடலாகாது. மூன்று நாவல்களும் ஒரே தரத்தன என்று கூற நமக்கு மனம் வரவில்லை. மாதொருபாகனில் ஒரு சொல்லும் வீணாகவில்லை. அதன் இறுதி நம் கையில் விட்டுச்செல்லும் கேள்வி, அந்நாவலின் முழுமையைச் சார்ந்த ஒன்று. அதற்கு விடை எழுதத்தான் வேண்டுமா என்ற ஐயம் நமக்கு இன்றும் உண்டு. பின்னிரண்டு நாவல்களிலும் கிளைக்கதைகள் மிகுந்து, முதல் நாவலின் இறுக்கம் தளர்கிறது. ஆயினும் விடையை ஒன்றாகத் தராமல் இரண்டாகத் தந்ததால் ஆசிரியர் அந்தத் தவற்றிலிருந்து பெரிதும் தப்பிவிட்டார் எனலாம். ஒரே விடை கேள்வியைக் கொன்றிருக்கும். இரண்டு விடைகள் அதை வாழவிட்டன.

கொங்கு வட்டாரப் பேச்சுக்குப் பழகாத வாசகர்கள் தொடக்கத்தில் சற்றுத் தடுமாறக்கூடும். தஞ்சைக் கரையிலோ காயல்பட்டினத்திலோ வாழ்பவர்க்குத் தொண்டுப்பட்டி என்ற சொல்லே புதிதாகத் தோன்றும். மாடுகளும் வைக்கோற்போரும் இருக்கும், காட்டிலுள்ள பட்டியே அது. வேண்டுவோர் இதே ஆசிரியர் 2000இல் எழுதிய 'கூளமாதாரியை' முன்னதாகப் படித்து அந்நிலத்தோடு பழகிக்கொள்ளலாம். ஆனால் அது கட்டாயமன்று.

பாதியைப் படித்தவர்கள்

வரிசை பற்றி இவ்வளவு பேசுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வெளிவந்து நான்காண்டுகள் அமைதியாக இருந்த மாதொருபாகனுக்கு எதிராக 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் பெரும் எதிர்ப்பு மூண்டது. நூலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுத்து ஊரெங்கும் வழங்கப்பட்டன. முழு நாவலையும் படித்தவர்களைவிட அப்பக்கங்களைப் படித்தவர்களே மிகுதியாக இருந்திருப்பர். 2015 ஜனவரி 12ஆம் நாள் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சில் ஆசிரியர் வருத்தம் தெரிவிக்கவும் நூலைத் திரும்பப் பெறவும் உடன்பட நேர்ந்தது. பெருமாள்முருகன் என்ற எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வுடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. பிடிக்காத நூலைப் படிக்க எவருக்கும் கட்டாயமில்லை என்பதையும் எடுத்துரைத்தது. அவர் மீண்டும் எழுத வந்தார்.

காளி இறந்தும் இறவாமலும் இருப்பதைப் போலவே, அவனைப் படைத்தவரும் ஒருமுறை இறந்து மீண்டார் என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

நாவல் கூறும் அவ்வழக்கம் இருந்ததா, இல்லையா என்ற வழக்குக்குள் நாம் புகவில்லை. அவ்வூரார் பலர் அதை மறுத்து மனம் வருந்தினர். அண்டை வீட்டாரின் நம்பிக்கையைப் பற்றிய நூலை அவர்கள் முன் எள்ளலோடு எடுத்துப் பேசுவது நமக்கு அழகன்று. ஆனால் பாதியைப் படித்து முழுமைக்குத் தீர்ப்பளிப்பது எத்தகைய கேடு என்பதை நாம் அறிவோம். தொழுகை பற்றிய திருவசனத்தின் முற்பாதியை மட்டும் எடுத்துக்காட்டித் தான் தொழாமைக்குக் காரணம் சொன்னவனின் கதை நம் வீடுகளில் பிள்ளைகளும் அறிந்தது. நம் வேதத்துக்கு நேரக்கூடாது என்று நாம் வேண்டும் நீதியைப் பிறர் எழுத்துக்கும் வழங்குவதே முறை.

இறுதியாக, நம் குடும்பங்களுக்கு ஒரு சொல். பொன்னாவின் துயரம் வேறொரு சமயத்தாரின் துயரம் என்று எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம். வளைகாப்பு வீட்டில் ஒருத்தியை மட்டும் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்வதும், பெயர் சூட்டும் நாளில் குழந்தையை அவள் கையில் கொடுக்கத் தயங்குவதும், 'இன்னும் விசேஷம் இல்லையா?' என்று நாலுபேர் நடுவில் கேட்பதும் நம் தெருக்களிலும் நடப்பவையே. மறுமணம் செய்துகொள் என்று மகனுக்கு எளிதாகச் சொல்லிவிடும் தாய்மார், அதற்கு இசையாத காளியின் உள்ளத்தையும் அதை அறிந்து உருகும் பொன்னாவின் உள்ளத்தையும் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

நாம் சொன்ன வரிசையைத் தவிர இன்னொரு முறையும் உண்டு. கணவனும் மனைவியும் மாதொருபாகனை இருவருமாகப் படித்து முடிக்கட்டும். பின்னர் ஒருவர் ஆலவாயனையும் மற்றவர் அர்த்தநாரியையும் எடுத்துக்கொள்ளட்டும். ஒரு வாரம் கழித்து, காளி இறந்தானா, இருக்கிறானா என்று ஒருவரையொருவர் கேட்கட்டும். இருவர் விடையும் வேறாகவே இருக்கும். இரண்டும் சரியாகவே இருக்கும். காளியும் பொன்னாவும் அந்த ஓரிரவுக்கு முன் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய பேச்சு, அவர்களுக்காக இந்த வீட்டில் நிகழ்ந்துவிடும்.